பிளந்த இதழும் பழி சுமந்த தாயும்

விருத்தாசலம் என்றதும் இருவகைப் பெருமை நம் நினைவுக்கு வரும். ஒன்று, திருமுதுகுன்றம் எனப் பழந்தமிழ் நூல்கள் போற்றும் அதன் தொன்மை. மற்றொன்று, பீங்கான் தொழிலால் இந்நகர் ஈட்டிய புதுமை. நெய்வேலிச் சுரங்கப் பகுதியில் கிடைக்கும் களிமண் இங்கே குழைந்து, கூழாகி, அச்சில் வார்ந்து, சூளையில் வெந்து பொம்மையாகவும் கிண்ணமாகவும் விளக்காகவும் உருப்பெறுகிறது.

பொம்மை வார்க்கும் அச்சு இரு பாதிகளால் ஆனது. அப்பாதிகள் கூடுமிடத்தில் வார்ப்பின்மீது மெல்லிய கோடொன்று படியும். தொழிலாளி அதனைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து மறைப்பார். சில வேளைகளில் காயும்போதோ சூளையில் வேகும்போதோ பொம்மையில் வெடிப்பு விழுவதுண்டு. அப்போது எந்தத் தொழிலாளியும், "இதை யார் கண் பட்டுக் கெடுத்தது?" என்று கேட்டு நிற்பதில்லை. களிமண் கலவை சரியா, ஈரம் சமமாக உலர்ந்ததா, சூளையின் வெப்பம் மட்டாக ஏறியதா என்றே ஆராய்வார். காரணம் ஒன்றாகவும் இருக்கலாம். பல சேர்ந்ததாகவும் இருக்கலாம் என்பது அவர் கைகண்ட அறிவு.

மண்ணுக்குக் காட்டும் இந்நியாயத்தை மனிதக் குழந்தைக்கும், அதனைப் பெற்ற தாய்க்கும் நாம் காட்டுகின்றோமா? மேலுதடு பிளந்தோ, மேல்வாய் அண்ணம் பிளந்தோ ஒரு குழந்தை பிறந்துவிட்டால் நம் இல்லங்களில் எழும் முதல் வினா என்ன? "கிரகணத்தன்று வெளியே போனாயா? கத்தியைத் தொட்டாயா? காய்கறி நறுக்கினாயா?" என்பதன்றோ! பிறந்த குழந்தைக்குப் பெயர் சூட்டுமுன்னரே ஊரார் 'கிரகண மூளி' என்ற பட்டத்தைச் சூட்டிவிடுகின்றனர். பிள்ளை பெற்ற களைப்பு நீங்குமுன்னரே தாய் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகிறாள். இக்கொடுமையைக் குறித்துச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முகம் உருவாகும் முறை

கருவுற்ற நான்காம் வாரமளவில் குழந்தையின் முகம் உருப்பெறத் தொடங்குகிறது. மேலிருந்து ஒன்றும், இருபக்கமும் மேல்தாடைக்கென இரண்டும், கீழ்த்தாடைக்கென இரண்டுமாக ஐந்து முகைகள் தோன்றி வளர்ந்து ஒன்றையொன்று நோக்கி வந்து கூடுகின்றன. ஏறத்தாழ ஏழாம் வாரத்திற்குள் மேலுதடு கூடி முடிகிறது. அதன்பின் நாவின் இருபுறமும் தொங்கும் இரு தகடுகள் மேலெழுந்து, கிடையாகி, நடுவில் சேர்ந்து அண்ணமாகின்றன. பன்னிரண்டாம் வாரமளவில் இப்பணியும் நிறைவெய்துகிறது. நம் ஒவ்வொருவர் மூக்கின் கீழும் மேலுதட்டின் நடுவே காணப்படும் சிறு பள்ளம் இக்கூடலின் அடையாளமேயாகும். பொம்மையின்மீது பதியும் பொருத்துக் கோட்டை ஒத்தது அது.

இக்கூடல் ஏதேனும் காரணத்தால் தடைப்படுமாயின் உதடு பிளந்தே நின்றுவிடும்; அல்லது அண்ணம் பிளந்தே நின்றுவிடும்; சிலரிடத்து இரண்டுமே நேரும். உலக அளவில் ஏறத்தாழ 700 பிறப்புகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இக்குறை காணப்படுகிறது. 2010 ஆம் ஆண்டு வெளிவந்த ஆந்திர மாநில ஆய்வொன்று ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்குச் சற்று மிகுதி எனக் கணக்கிட்டது. ஆகவே இஃது ஓர் ஊருக்கோ, ஒரு குடும்பத்துக்கோ, ஒரு சமயத்தாருக்கோ உரிய குறையன்று. மனித குலம் முழுவதற்கும் பொதுவானது.

இனி, கிரகணக் கதையை இக்காலக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். பல தாய்மார் தாம் கருவுற்றதை ஐயமற உணரும் நாள்களிலேயே குழந்தையின் உதடு கூடிக்கொண்டிருக்கிறது. வளைகாப்பு நிகழும் ஏழாம் மாதத்திலோ, அதற்குப் பின்னரோ வரும் கிரகணம், முன்பே கூடி முடிந்த உதட்டை எங்ஙனம் பிளக்க இயலும்? கிரகணம் ஆண்டுக்குச் சிலவே. அவற்றுள்ளும் நம் ஊரில் தெரிவன மிகச் சில. குறையுடன் பிறக்கும் குழந்தைகளோ உலகில் நாள்தோறும் பிறக்கின்றனர். கிரகணமே காரணமெனில், அது தோன்றும் பகுதியில் அந்நாளில் கருவுற்றிருந்த தாய்மார் அனைவர்க்கும் அன்றோ இக்குறை நேர்ந்திருத்தல் வேண்டும்!

நம் சமுதாயத்தாருக்கு மற்றொரு சான்றையும் நினைவூட்ட விழைகின்றோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மைந்தர் இப்ராஹீம் குழந்தைப் பருவத்திலேயே மறைந்த அன்று சூரிய கிரகணம் நேர்ந்தது. அம்மறைவுக்காகவே கதிரவன் இருண்டது என மக்கள் பேசத் தலைப்பட்டனர். மகனை இழந்த துயரின் நடுவிலும் நாயகம் அவர்கள் அப்பேச்சை ஏற்கவில்லை. கதிரவனும் திங்களும் இறைவனின் சான்றுகள் என்றும், எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவை இருள்வதில்லை என்றும் மக்களுக்குத் தெளிவுறுத்தினார்கள். இந்நிகழ்ச்சியை மேடைதோறும் எடுத்துரைக்கும் நாம், இல்லத்தினுள் நுழைந்ததும் மருமகளிடம் கிரகணக் கணக்குக் கேட்பது எவ்வகையில் பொருந்தும்?

மரபணு சொல்லும் செய்தி

அவ்வாறாயின் உண்மைக் காரணம் யாது? 1942 ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டு மருத்துவர் பவுல் ஃபோக் ஆண்டர்சன், இக்குறை சில குடும்பங்களில் வழிவழி வருவதைக் கணக்கெடுத்து நிறுவினார். உதட்டுப் பிளவும், அண்ணம் மட்டும் பிளந்திருத்தலும் தனித்தனி மரபு வழியின என்பதையும் அவர் ஆய்வு காட்டிற்று. பிற்காலத்தில் இரட்டையரை ஆராய்ந்தோர் மேலும் ஒரு தெளிவு தந்தனர். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருள் ஒருவருக்கு இக்குறை இருந்தால் மற்றவருக்கும் இருப்பது ஏறத்தாழப் பாதி அளவே. மரபணுவுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதையும், மரபணு மட்டுமே முழுக்காரணம் அன்று என்பதையும் இவ்வொரு செய்தியே விளக்கிவிடுகிறது.

தாய்க்குக் கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு, வலிப்பு நோய்க்கான சில மருந்துகள், புகைபிடித்தல், மது ஆகியன இவ்வாய்ப்பை மிகுவிக்கக்கூடும் என்பர் மருத்துவ அறிஞர். வலிப்பு மருந்து உண்போர் தாமே அதனை நிறுத்திவிடலாகாது. கருவுறத் திட்டமிடும்போதே மருத்துவரைக் கலந்து கொள்ளுதல் வேண்டும். பெரும்பாலான குழந்தைகளிடத்துப் பல மரபணுக்களின் சிறுசிறு மாறுதல்களும் சூழலும் சேர்ந்தே இக்குறையை விளைக்கின்றன. கலவையும் ஈரமும் வெப்பமும் சேர்ந்தே பீங்கானில் வெடிப்பை உண்டாக்குவது போன்றதே இதுவும்.

சிலரிடத்து மட்டும் ஒரே மரபணு மாறுதல் போதியதாகிவிடுகிறது. கீழுதட்டில் இரு சிறு குழிகளும், உதட்டுப் பிளவோ அண்ணப் பிளவோ சேர்ந்து வரும் 'வான் டெர் வூட்' நோய்க்குறித் தொகுதி அத்தகையது. ஐ.ஆர்.எஃப்.6 என்னும் மரபணுவில் நேரும் மாறுதலே அதன் காரணம் என 2002 ஆம் ஆண்டு கண்டறிந்தனர். பெற்றோருள் ஒருவரிடம் அம்மாறுதல் இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் அது செல்லும் வாய்ப்பு சரிபாதி. அப்பெற்றோர் தந்தையாகவும் இருக்கலாம், தாயாகவும் இருக்கலாம். அதே மரபணுவின் பிற மாறுதல்கள், வேறு நோய்க்குறி ஏதுமின்றி வரும் உதட்டுப் பிளவுக்கும் துணைபோகின்றன என்பதை 2004 ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது.

ஆப்பிரிக்கா தரும் பாடம்

2009 ஆம் ஆண்டு எட்டாம் நிறப்புரியின் நீண்ட கையில் உதட்டுப் பிளவோடு தொடர்புடைய ஓர் இடத்தை ஐரோப்பியரிடையே கண்டறிந்தனர். உலகெங்கும் அதுவே திறவுகோல் எனச் சிலர் எண்ணியிருத்தல் கூடும். ஆயின் மறு ஆண்டிலேயே ஆசியக் குடும்பங்களையும் சேர்த்து ஆராய்ந்தபோது, அவ்விடத்தின் சான்று ஐரோப்பியரிடத்தே வலுவாகவும், வேறு சில இடங்களின் சான்று ஆசியரிடத்தே வலுவாகவும் அமைந்தமை தெரியவந்தது. ஒரு மக்கட் கூட்டத்தை அளந்த கோலால் மற்றொரு கூட்டத்தை அப்படியே அளந்துவிட இயலாது என்பது இதனால் விளங்கும்.

ஆப்பிரிக்க மக்களிடையே இக்குறை பிற கண்டத்தாரைவிடக் குறைவாகவே பதிவாகியுள்ளது. ஆசியரிடையே மிகுதி; ஆப்பிரிக்கரிடையே குறைவு; ஐரோப்பியர் இடைப்பட்டோர் என்பது பொதுவான கணக்கு. வீட்டிலேயே பிறந்து, பால் குடிக்க இயலாமல் பதிவேட்டில் ஏறுமுன்னரே மறையும் சிசுக்களும் உண்டு. ஆகலின் அக்கணக்கில் விடுபட்டோரும் இருத்தல் கூடும். எவ்வாறாயினும், மனித குலத்தின் மரபணு வேறுபாடு மிகச் செறிந்திருக்கும் கண்டம் ஆப்பிரிக்காவே. அம்மக்களை நீண்ட காலம் இத்தகைய ஆய்வுகள் எட்டவில்லை.

அக்குறையை நீக்க முனைந்தோருள் அயோவா பல்கலைக்கழகத்துப் பேராசிரியரான அஸீஸ் புட்டாலி குறிப்பிடத்தக்கவர். அவரும் ஆப்பிரிக்க மருத்துவர் பலரும் இணைந்து கானா, எத்தியோப்பியா, நைசீரியா ஆகிய நாடுகளின் குடும்பங்களை ஆராய்ந்தனர். முன்னர் அறியப்படாத, அண்ணப் பிளவோடு தொடர்புடைய மரபணு இடங்களை அவர்கள் 2019 ஆம் ஆண்டு வெளியிட்டனர். பிறர் தம்மை வந்து அளப்பதற்காகக் காத்திராமல், தம் மண்ணின் மருத்துவரே தம் மக்களின் நோயை ஆராய முற்பட்டமையே இதில் நாம் போற்றத்தக்க செய்தி.

தமிழகத்திலும் அம்முயற்சி இல்லாமலில்லை. சென்னை சிறீ இராமச்சந்திரா மருத்துவ நிறுவனத்தைச் சார்ந்த ஜோத்ஸ்னா மூர்த்தி, பாஸ்கர் ஆகியோர் இக்குறையின் மரபியலை 2009 ஆம் ஆண்டு தொகுத்து எழுதினர். ஆயினும் இத்துறையில் நாம் நடக்க வேண்டிய தொலைவு மிகுதி. மருத்துவர் முறையாக விளக்கி, இசைவு பெற்று, சிறிது குருதியோ உமிழ்நீரோ வேண்டும்போது, அச்சமின்றி அளிக்க நம் மக்கள் முன்வருதல் வேண்டும். நம்மைப் பற்றிய அறிவு நம்மிடமிருந்தே பிறத்தல் வேண்டும்.

உறவுத் திருமணமும் உண்மையும்

இங்கே நெருடலான ஒன்றையும் பேசியாக வேண்டும். 2019-21 ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் நூற்றுக்கு 28 பெண்கள் உறவினரையே மணந்துள்ளனர். இந்திய அளவிலோ அது 11 தான். தாய்மாமன் தன் உடன்பிறந்தாள் மகளை மணத்தலை இஸ்லாம் விலக்கியுள்ளது. மாமன் மகள், அத்தை மகள், சிற்றப்பன் மகள் ஆகியோரை மணத்தல் அனுமதிக்கப்பட்டதேயன்றிக் கடமையாக்கப்பட்டதன்று. அனுமதிக்கப்பட்ட ஒன்றைச் சொத்துக்காகவும் வரதட்சிணைக் கணக்குக்காகவும் தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டினுள் திரும்பத் திரும்பச் செய்யுங்கால், மறைந்து கிடக்கும் மரபணுக் குறைகள் இருபுறமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு பெருகுகிறது. உதட்டுப் பிளவும் இத்தகைய மணங்களில் சற்று மிகுதி என்று ஆய்வுகள் பல கூறுகின்றன.

ஆயினும் உறவு மணம் புரிந்தோரின் குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கின்றனர். உறவே இல்லாதோர்க்கும் இக்குறையுடன் குழந்தை பிறக்கிறது. எனவே மணமான தம்பதியரைக் குத்திக்காட்டும் ஆயுதமாக இவ்வறிவைப் பயன்படுத்துதல் பெரும்பிழை. இனி மணம் பேச இருப்போருக்கு முன்கூட்டிச் சொல்லும் நல்லுரையாகவே இஃது அமைதல் வேண்டும்.

நாம் அஞ்சுவது யாதெனில், நேற்றுக் கிரகணத்தைச் சொல்லித் தாயைப் பழித்தவர்கள் நாளை மரபணுவைச் சொல்லிப் பழிக்கக்கூடும் என்பதே. "உன் வம்சத்துக் குறை" என்று சொல்லத் தலைப்பட்டால் அறிவியல் கற்றும் நாம் அறியாமையிலேயே நின்றவர்களாவோம். குழந்தையின் மரபணுக்களுள் பாதி தந்தையுடையவை. அவற்றைத் தாயும் தேர்ந்தெடுத்ததில்லை, தந்தையும் தேர்ந்தெடுத்ததில்லை. காரணத்தை அறிதல் வேறு. குற்றம் சுமத்துதல் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே கற்றோர்க்கு அழகு.

வல்லினம் வாராத வாய்

தமிழ்த்துறையின் மலரில் மருத்துவம் எதற்கு என வினவுவோர் இருக்கலாம். அவர்கள் தொல்காப்பியத்துப் பிறப்பியலை ஒருகால் எண்ணிப் பார்ப்பாராக. தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எழுத்துப் பிறக்கும் இடங்களை எண்வகையாக வகுத்தார் தொல்காப்பியர். அவற்றுள் இதழும் அண்ணமும் பழுதுற்ற குழந்தையின் நிலை யாது?

க, ச, ட, த, ப, ற என்னும் வல்லெழுத்துகளை ஒலிக்க வாயினுள் காற்று தேங்கி அழுத்தம் பெறுதல் வேண்டும். அண்ணம் பிளந்திருப்பின் காற்று மூக்கின் வழியே நழுவிவிடும். ஆகவே வல்லினம் தன் வலிமையிழந்து மெல்லினத்தின் சாயல் பெறும். 'அப்பா' என அழைக்க விழையும் குழந்தையின் வாயில் அது 'அம்மா' போலவே ஒலிக்கும். 'பாட்டி' என்பதும் 'தாத்தா' என்பதும் மூக்கொலியாய்க் கலைந்து போகும். வல்லினத்துக்கு மெல்லினத்தை இனவெழுத்தாக நம் இலக்கணிகள் வகுத்ததன் நுட்பத்தை இக்குழந்தைகளின் பேச்சே நமக்குக் காட்டுகிறது.

அத்தகைய மாணவன் வகுப்பில் வாய் திறந்தால் சிரிப்பொலி எழுகிறது. மறுநாள் முதல் அவன் வாய் திறப்பதில்லை. விடை தெரிந்தும் கை உயர்த்தாது கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவரை ஆசிரியர் பலரும் கண்டிருப்போம். அவன் அறிவில் குறையில்லை, அண்ணத்தில் குறை. இவ்வேறுபாடு அறியாமல் அவனை மந்தன் என ஒதுக்கியிருப்பின் அது நம் பிழையேயாகும்.

செய்யத்தக்கன

இக்குறை பெரும்பாலும் சீர்செய்யத்தக்கது என்பதே மகிழ்ச்சிக்குரிய செய்தி. அண்ணம் பிளந்த குழந்தையால் உறிஞ்சிக் குடிக்க இயலாது. தாய்ப்பாலைப் பீய்ச்சியெடுத்து, தலையை உயர்த்திப் பிடித்து, நம் பாட்டிமார் கைக்கொண்ட பாலாடையாலேயே புகட்டலாம். ஏறத்தாழ மூன்றாம் மாதத்தில் உதட்டுக்கும், ஒன்பது முதல் பதினெட்டு மாதத்திற்குள் அண்ணத்துக்கும் அறுவை செய்வர். அதன்பின் பேச்சுப் பயிற்சியும், நடுச்செவி, பல்வரிசை ஆகியவற்றைக் கவனித்தலும் தொடர்தல் வேண்டும். உதடு தைத்துவிட்டதோடு கடமை முடிந்ததென எண்ணி இடையில் விட்டுவிடுவோரே மிகுதி. அழகு திரும்பியும் பேச்சுத் திரும்பாமல் போவது அதனால்தான்.

2013 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தேசியச் சிறார் நலத்திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ளோர்க்கு ஆராயும் குறைகளுள் உதட்டுப் பிளவையும் அண்ணப் பிளவையும் சேர்த்துள்ளது. 1999 இல் நிறுவப்பெற்ற ஸ்மைல் டிரெயின் போன்ற தொண்டமைப்புகள், தம்மோடு இணைந்த மருத்துவமனைகளில் கட்டணமின்றி அறுவை செய்ய உதவுகின்றன. திருவண்ணாமலை மாவட்டத்துச் சிற்றூர்களில் சிறீ இராமச்சந்திரா நிறுவனத்தார் சமூகப் பணியாளர்க்குப் பயிற்சியளித்து, குழந்தைகளின் பேச்சைத் திருத்தும் பணியை இல்லத்தின் அருகிலேயே கொண்டு சேர்த்தமை பின்பற்றத்தக்க முன்மாதிரி. வழி இருக்கிறது, வழிகாட்டுவோரே வேண்டும்.

ஆகவே மூவகையினரிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். சமுதாயப் பெரியோர்களே! மஹல்லாவில் இத்தகைய குழந்தை பிறந்த செய்தி எட்டியதும் ஆறுதலோடு நில்லாமல், முதல் வாரத்திலேயே மருத்துவமனைக்கு வழிகாட்டுங்கள். பயணச் செலவுக்குப் பைத்துல்மாலிலிருந்து சிறிது ஒதுக்குங்கள். தாயின்மீது பழி கூறும் நா எதுவாயினும் அதனை அடக்குங்கள். ஆசிரியப் பெருமக்களே! தெளிவாகப் பேச இயலாத மாணவனுக்குச் சற்று நேரம் கொடுங்கள், சிரிப்போரைத் திருத்துங்கள். தமிழ் பயிலும் மாணவச் செல்வங்களே! பேச்சுப் பயிற்சிக்கு வல்லினச் சொற்கள் வரிசைப்பட்ட, சிறுவர்க்கு இன்பம் தரும் எளிய தமிழ்ப் பாடல்களும் கதைகளும் தேவைப்படுகின்றன. பிறப்பியல் கற்ற நீங்கள் அவற்றை இயற்றித் தரலாம். கற்ற இலக்கணம் ஒரு குழந்தையின் நாவில் ஒலியாகப் பயன்படுமாயின் அதனினும் சிறந்த பேறு யாதுளது?

களிமண்ணில் விழுந்த வெடிப்பைக் கண்டு, கலவையை ஆராய்ந்து திருத்தும் தொழிலாளர் வாழும் நகரம் இது. அவர்தம் நிதானத்தை நம் இல்லங்களும் கற்றுக்கொள்ளட்டும். 'மூளி' என்னும் சொல் நம் வீதிகளினின்று மறையட்டும். தாய்மீது விழுந்த பழி நீங்கட்டும். 'அப்பா' எனத் தெளிவாக அழைக்கும் குரல் ஒவ்வோர் இல்லத்திலும் ஒலிக்க நம்மாலியன்றதைச் செய்வோமாக!